சொகுசுக் கப்பல் டூர் போறீங்களா? கப்பலைப் பார்க்காதீங்க, கம்பெனியைப் பாருங்க!

சேந்தமங்கலத்தில் நின்று பார்த்தால் கொல்லிமலை தெரியும். கடல் பார்க்க வேண்டுமென்றால் இரவு பஸ்தான். ஆனால் ரீல்ஸுக்கு மலையும் தெரியாது, தூரமும் தெரியாது. நாமக்கல், சேலம் பக்கத்தில் போனைத் திறந்தால்கூட இப்போது சொகுசுக் கப்பல் விளம்பரம் வந்து விழுகிறது. நீச்சல் குளம், பஃபே, டிஜே, பால்கனியில் காபி. கீழே ‘ஓர் ஆளுக்கு இவ்வளவு முதல்’ என்று ஒரு தொகை.

தீபாவளி போனஸ் வந்த ஐடி ஊழியர்கள், கல்யாணம் முடிந்த கையோடு ஹனிமூன் தேடுபவர்கள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வித்தியாசமாக ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவர்கள்... எல்லோருடைய ஃபேமிலி குரூப்பிலும் இந்த லிங்க் சுற்றுகிறது. எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பலை ஓட்டும் கம்பெனி எது, அது எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி எவ்வளவு தூரம் தாங்கும்? நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இது புது விஷயமே இல்லை. லாரி வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்து யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஆர்சி யார் பேரில் இருக்கு, எஃப்சி எப்போ முடியுது, பெர்மிட் எங்கே செல்லும், இன்சூரன்ஸ் இருக்கா என்றுதான் பார்ப்பார்கள். கப்பல் டிக்கெட்டுக்கும் இதே நான்கு கேள்விகள் போதும்.

ஏன் திடீரென்று இவ்வளவு விளம்பரம்?

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கோர்டேலியா க்ரூஸஸ் என்ற இந்திய நிறுவனத்தின் கப்பல் அது. அடுத்த ஆண்டு ஜூன் 5-ம் தேதி, இதே கப்பலின் சென்னை - இலங்கை பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கி வைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். சென்னையில் இதற்காகவே 17.21 கோடி ரூபாயில் பயணிகள் முனையமும் தயாரானது.

2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘க்ரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தை அறிவித்தது. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவது இலக்கு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களும் இந்தியப் பயணிகளைக் குறிவைத்து சைவம், ஜெயின் உணவு என்று மெனுவை மாற்றியிருக்கின்றன.

சந்தை பெரிதாகிறது. கப்பல்கள் கூடுகின்றன. அதனால்தான் உங்கள் போனில் விளம்பரம். சரி, அந்த நான்கு கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி 1: ஆர்சி யார் பேரில்?

கப்பல் கம்பெனி திவாலாகுமா? ஆகும். ஆகியிருக்கிறது. அதுவும் நமக்குப் பக்கத்திலேயே.

2011-ல் சென்னையிலிருந்து ‘அமெட் மெஜஸ்டி’ என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நவம்பரிலேயே நின்றுபோனது.

2019 ஏப்ரலில் மும்பையில் ‘ஜலேஷ் க்ரூஸஸ்’ தொடங்கப்பட்டது. ‘கர்ணிகா’ என்று ஒரே ஒரு கப்பல். இந்தியாவின் சொந்த க்ரூஸ் பிராண்டு என்று கொண்டாடப்பட்டது. கொரோனா வந்தது, கப்பல் நின்றது, 2020 அக்டோபரில் கம்பெனி கடையை மூடியது. கர்ணிகா குஜராத்தின் ஆலங் கடற்கரைக்குப் போய் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. ஒன்றரை வருடக் கதை அவ்வளவுதான்.

இந்தியக் கம்பெனிகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ‘ட்ரீம் க்ரூஸஸ்’ நிறுவனத்தின் தாய்க் கம்பெனி கென்டிங் ஹாங்காங், 2022 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றத்தை நாடியது. ஆசியாவின் மிகப்பெரிய பெயர்களில் ஒன்று அது. அதன் ‘கென்டிங் ட்ரீம்’ கப்பல், ரிசார்ட்ஸ் வேர்ல்டு க்ரூஸஸ் என்ற புதிய கம்பெனியின் கீழ் 2022 ஜூனில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. கப்பல் அதேதான், ஆனால் கம்பெனி வேறு. பழைய கம்பெனியிடம் பணம் கட்டியவர் புதிய கம்பெனியிடம் நேராகப் போய்க் கேட்க முடியாது என்பதுதான் இதில் உள்ள பாடம்.

கம்பெனி மூழ்கினால் பயணியின் நிலை என்ன? வங்கிகள், கடன் கொடுத்தவர்கள் எல்லாம் வரிசையில் முன்னால் நிற்பார்கள். முன்பணம் கட்டிய பயணி கிட்டத்தட்டக் கடைசியில். அதனால் புக் செய்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

கம்பெனியிடம் எத்தனை கப்பல்கள் உள்ளன? ஒரே கப்பல் என்றால், அது பழுதானாலும் பயணம் ரத்து, வேறு நாட்டுக்கு வாடகைக்குப் போனாலும் ரத்து. கோர்டேலியாவை நடத்தும் வாட்டர்வேஸ் லெஷர் டூரிசம் நிறுவனம் இத்தனை நாளும் ஒரே கப்பலை நம்பித்தான் ஓடியது. இதை மாற்ற ‘நார்வீஜியன் ஸ்கை’, ‘நார்வீஜியன் சன்’ என்ற இரண்டு கப்பல்களை நீண்டகால வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டிருப்பதாக 2025-ல் அறிவிப்பு வந்தது.

அந்த நிறுவனம் 2025 ஜூனில் 727 கோடி ரூபாய் ஐபிஓ-வுக்காக செபியிடம் வரைவு ஆவணம் தாக்கல் செய்தது. நாம் பங்கு வாங்கப் போவதில்லையே, அதை எதற்குப் படிக்க வேண்டும்? இங்கேதான் விஷயமே இருக்கு. விளம்பரத்தில் சொல்லாததை எல்லாம் செபி ஆவணத்தில் சொல்லியே ஆக வேண்டும். ‘ரிஸ்க் ஃபேக்டர்ஸ்’ பகுதியில் கடன், வாடகைக் கப்பல், ஒற்றைக் கப்பலைச் சார்ந்திருப்பது எல்லாம் கம்பெனியின் வார்த்தையிலேயே இருக்கும். இணையத்தில் இலவசம். அரை மணி நேரம் புரட்டினால் பத்து இன்ஃப்ளூயன்சர் வீடியோவைவிட அதிகம் தெரியும்.

கேள்வி 2: எஃப்சி எப்படி?

கப்பலின் வயதும் அளவும் அனுபவத்தை மாற்றும். எம்ப்ரஸ் 1990-ல் பிரான்ஸில் கட்டப்பட்டது. ராயல் கரீபியன் நிறுவனத்திடம் பல ஆண்டுகள் இருந்த கப்பல். கொள்ளளவு சுமார் 48,500 டன். சிங்கப்பூரின் கென்டிங் ட்ரீம் 2016-ல் கட்டப்பட்டது, ஒன்றரை லட்சம் டன். கப்பல் விஷயத்தில் இந்த டன் என்பது எடை அல்ல, உள்ளே எவ்வளவு இடம் என்பதற்கான அளவு. அதாவது, இரண்டும் ஒரே ‘சொகுசுக் கப்பல்’ என்ற பெயரில் விற்கப்பட்டாலும் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு பெரியது.

பழைய கப்பல் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி வைத்த கேபின்கள் குறைவு. ரீல்ஸில் நீங்கள் பார்த்த ‘பால்கனியில் காபி’, விளம்பரத் தொகைக்குக் கிடைக்கும் கேபினில் இருக்காது. அந்தத் தொகை பெரும்பாலும் ‘இன்சைட்’ கேபினுக்கானது. ஜன்னலே இல்லாத அறை. இரண்டு நாள் பயணத்தில் தூங்க மட்டும் அறைக்குப் போகிறீர்கள் என்றால் அது போதும். ஐந்து நாள் என்றால், வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால், யோசியுங்கள்.

வாந்தி, தலைசுற்றல் பயமா? கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள கேபினைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் நடு சீட்டுக்கும் உள்ள அதே வித்தியாசம்தான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2012 ஜனவரியில் இத்தாலியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சர்வதேச விதி மாறியது. கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ எல்லாப் பயணிகளுக்கும் அவசரகாலப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்கப் போகாமல், உங்கள் லைஃப் ஜாக்கெட் எங்கே, எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைக் குழந்தைகளோடு சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

சுத்தம் பற்றித் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஃபெயில். இந்தியாவில் ஓடும் கப்பலுக்கு இந்த மதிப்பெண் இருக்காது. ஆனால் நீங்கள் பார்க்கும் பன்னாட்டு நிறுவனத்தின் மற்ற கப்பல்கள் எப்படி மார்க் வாங்குகின்றன என்று அதில் பார்க்கலாம்.

கேள்வி 3: பெர்மிட் எங்கே செல்லும்?

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊருக்குக் கப்பல் போகுமா? அனேகமாகப் போகும். ஆனால் போகாவிட்டால் கேட்க முடியாதபடி நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும்.

புதுச்சேரி இதற்கு நல்ல உதாரணம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய எம்ப்ரஸ் கப்பலுக்குப் புதுச்சேரி அனுமதி தரவில்லை. கப்பலில் கேசினோ இருப்பதை எதிர்த்து அங்கே பெரிய அரசியல் சர்ச்சையே நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில்தான் அந்தக் கப்பலின் பயணிகள் புதுச்சேரியில் கால் வைத்தார்கள். அதுவும் நேராக இறங்கவில்லை. பெரிய கப்பல் அணையும் ஆழம் அங்கே இல்லாததால் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சின்னப் படகுகளில் கரைக்குப் போனார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வானிலை, அரசு அனுமதி, பழுது என்று எந்தக் காரணத்துக்காகவும் துறைமுகத்தை மாற்றும் உரிமையைக் கப்பல் கம்பெனிகள் டிக்கெட் நிபந்தனையிலேயே வைத்துக்கொள்கின்றன. இரண்டு, படகில் ஏறி இறங்க வேண்டிய ஊர் என்றால் முழங்கால் வலி உள்ள அம்மாவால், வீல்சேரில் வரும் தாத்தாவால் முடியுமா என்று முன்பே கேட்க வேண்டும்.

தேதியும் மாறலாம். சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பரில் முதல் பயணம் போக வேண்டிய ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ கப்பல், கட்டுமானத் தாமதத்தால் 2026 மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது. டிஸ்னிக்கே இந்த நிலைமை. குழந்தைகளின் அரையாண்டு லீவை நம்பி டிக்கெட் போட்டவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள். புத்தம் புதுக் கப்பலின் முதல் சில பயணங்களைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொரு முக்கியமான விஷயம் பருவம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மும்பைப் பக்கக் கடல் கொந்தளிக்கும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை எம்ப்ரஸ் சென்னைப் பக்கம் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் நேரத்தில் மேற்குக் கரைக்குத் திரும்பிவிடுகிறது. நம் பள்ளிகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே மாதங்களில். அப்போது கப்பல் பெரும்பாலும் மும்பை, கோவா, கொச்சி பக்கம்தான் இருக்கும். ஆக, ‘சென்னையிலிருந்து போகலாம்’ என்ற திட்டம் பள்ளி லீவோடு ஒத்துப்போவது சிரமம். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சேந்தமங்கலத்திலிருந்து எது பக்கம்?

இங்கே ஒரு ட்விஸ்ட். சேந்தமங்கலத்திலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 350 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டரை ஒட்டித்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் மெரினா பே முனையத்திலிருந்து ஆண்டு முழுக்கப் பெரிய கப்பல்கள் கிளம்புகின்றன. வீட்டை விட்டுக் கிளம்பி கப்பலில் ஏறும் வரை ஆகும் நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் செலவில் வித்தியாசம் உண்டு. சிங்கப்பூர் என்றால் விமான டிக்கெட், விசா, ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கும் செலவு எல்லாம் சேரும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கப்பல் பினாங்கு, ஃபுக்கெட் என்று போய்விட்டுத் திரும்ப சிங்கப்பூருக்குள் நுழைவதால், விசா ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறைக்கானதா என்று பார்க்க வேண்டும். வழியில் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் சில நேரம் விசா கேட்பார்கள்.

எந்தத் துறைமுகமானாலும் கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய்ச் சேரும்படி திட்டமிடாதீர்கள். சேலம் ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்றால் அடுத்த ரயில் பிடிக்கலாம். கப்பல் போய்விட்டால் போனதுதான், பணமும் சேர்த்து.

கேள்வி 4: மொத்த பில் எவ்வளவு?

ஓர் உதாரணத்துக்கு, விளம்பரத்தில் ஓர் ஆளுக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒரு லட்சம். அதற்கு மேல் என்னென்ன சேரும்?

* துறைமுகக் கட்டணமும் ஜிஎஸ்டியும். பல தளங்களில் இவை கடைசி ஸ்க்ரீனில்தான் தெரியும்.
* டிப்ஸ். பன்னாட்டுக் கப்பல்களில் இது நம் விருப்பம் அல்ல, கணக்கில் தானாகவே ஏறும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை வசூலிக்கும் கம்பெனிகள் உண்டு. 18 டாலர் என்றால் நான்கு பேருக்கு நான்கு இரவுகளுக்கு 288 டாலர். நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும்.
* தனி ஆளாகப் போனால் கூடுதல் கட்டணம். ‘ஓர் ஆளுக்கு’ என்ற தொகை ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துச் சொல்வது. ஒருவராகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டி வரலாம்.
* வைஃபை, கூல்ட்ரிங்க்ஸ், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் டூர். பெரும்பாலும் எல்லாம் தனி.
* வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் வரி பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டில் மாறிக்கொண்டே இருப்பதால் புக் செய்யும் நாளில் கேளுங்கள். இது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை உங்கள் கையில் இருக்காது.

கடலுக்குள் போனதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலில் சிக்னல் தெரிகிறதே என்று டேட்டாவை ஆன் செய்தால், அது செயற்கைக்கோள் வழியாக வரும் ரோமிங். ஒரு ரீல்ஸ் பார்த்த பில் அடுத்த மாதச் சம்பளத்தில் கடிக்கும்.

மருத்துவமும் இலவசம் இல்லை. கப்பலில் டாக்டர் இருப்பார், ஃபீஸும் இருக்கும். டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு இதில் அடங்குமா, கம்பெனியே மூடிவிட்டால் பணம் வருமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல பாலிசிகளில் பதில் ‘இல்லை’தான்.

அப்போ எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

கடல் ஒத்துக்குமா என்றே தெரியாத முதல் முறைப் பயணிக்கு, ஜூன் - செப்டம்பரில் சென்னையிலிருந்து இரண்டு இரவுப் பயணம் போதும். பாஸ்போர்ட் வேண்டாம், சாப்பாடு பழகியது, பிடிக்காவிட்டால் இரண்டே நாளில் வீடு. குழந்தைகளோடு கோடை லீவில் போவதென்றால் கொச்சி அல்லது சிங்கப்பூரைப் பாருங்கள். வயதானவர்களோடு என்றால், எத்தனை ஊரில் நிற்கிறது என்பதைவிட எத்தனை ஊரில் கப்பல் நேராகக் கரை அணைகிறது என்பதை எண்ணுங்கள்.

பணம் கட்டும் விதம் இன்னும் முக்கியம். ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கும் வாய்ப்பாவது இருக்கும். முழுத் தொகையை ஓராண்டுக்கு முன்பே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அது, கம்பெனிக்கு வட்டியில்லாமல் நீங்கள் கொடுக்கும் கடன். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பி வரும் என்ற அட்டவணையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

டிக்கெட் நிபந்தனையில், வழக்கு என்றால் மும்பையில்தான் போட வேண்டும் என்றோ, வெளிநாட்டு நீதிமன்றம் என்றோ எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. அதாவது சேந்தமங்கலத்துக்காரர் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

கம்பெனியே மூடிவிட்டால் தீர்ப்பு வாங்கினாலும் பணம் வாங்குவது கஷ்டம். அதனால்தான் புக் செய்வதற்கு முன்னால் செலவிடும் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பை விளம்பர வீடியோவை நம்பிக் கொடுப்பதா, படித்துப் பார்த்த நான்கு பக்க நிபந்தனையை நம்பிக் கொடுப்பதா என்பது உங்கள் கையில். படித்துவிட்டும் போகத் தோன்றினால், தாராளமாகப் போய் வாருங்கள். நடுக்கடலில் விடியும் காலை, பார்க்க வேண்டிய ஒன்றுதான்.